மாட்யூல் இல்லை என்று பைதான் சொல்லும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பைதான் நிரல் ஒன்றை இயக்கும்போது “நோ மாட்யூல் நேம்டு” என்ற சொற்களுள்ள வரி வந்து நின்றால், பெரும்பாலானோர் முதலில் செய்வது அந்த மாட்யூலை, அதாவது நிரல் வெளியிலிருந்து அழைத்துப் பயன்படுத்தும் நிரல்பகுதியை, மறுபடியும் நிறுவுவதுதான். அது ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறது என்று, மாட்யூல்களை நிறுவித்தரும் கருவியான பிப் பதில் சொல்கிறது. நிரலை ஓட்டினால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று பைதான் சாதிக்கிறது. இரண்டில் எதுவும் பொய் சொல்லவில்லை. ஒரே கணினியில் இரண்டு மூன்று பைதான்கள் குடியிருக்கின்றன. பிப் ஒன்றுக்கு நிறுவுகிறது, நிரல் இன்னொன்றில் ஓடுகிறது. ஒரே பெயருள்ளவர்கள் இருவர் குடியிருக்கும் தெருவில் தபால் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்ட கதைதான் இது. இன்னொரு தபால் அனுப்புவதால் எதுவும் தீராது. முகவரியைப் பார்க்க வேண்டும்.

கீழே உள்ளவை அறிகுறி வாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. உங்கள் திரையில் தெரியும் செய்திக்கு நேரான பகுதிக்குச் செல்லலாம் என்றாலும், அடுத்து வரும் சோதனையை மட்டும் தவிர்க்க வேண்டாம். கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்துகளில், வேறாகக் குறிப்பிடாத இடங்களிலெல்லாம் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.

எதையும் தொடுவதற்கு முன்

இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். நிரலை ஓட்டுகிற பைதான் எது? மாட்யூலை நிறுவிய பிப் எந்தப் பைதானுக்கு உரியது?

முதல் கேள்விக்கு, பிழை தருகிற அதே நிரலின் தொடக்கத்தில் இரண்டு வரிகளைச் சேர்க்க வேண்டும்: முதல் வரியில் “இம்போர்ட் சிஸ்”, இரண்டாம் வரியில் “பிரின்ட்(சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்)”. நிரலை வழக்கமாக எப்படி ஓட்டுவீர்களோ அப்படியே ஓட்டினால், பிழைச்செய்திக்கு மேலே ஒரு முழுப் பாதை அச்சாகும். கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தில் தனியாகப் பைதானைத் திறந்து பார்ப்பது இதற்கு ஈடாகாது. எடிட்டரின் ஓட்டு பொத்தான் வேறொரு பைதானை அழைத்துக்கொண்டிருக்கலாம், அதைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கமே.

இரண்டாம் கேள்விக்கு, டெர்மினலில் “பிப் --வெர்ஷன்” என்று தட்டினால் போதும். வருகிற ஒற்றை வரியில் மூன்று செய்திகள் இருக்கும்: பிப்பின் பதிப்பு எண், அது எந்தக் கோப்புறையிலிருந்து இயங்குகிறது என்ற பாதை, கடைசியில் அடைப்புக்குறிக்குள் அது சேர்ந்திருக்கும் பைதானின் பதிப்பு. முதல் சோதனையில் 3.12 என்ற எண்ணுள்ள பாதையும் இரண்டாம் சோதனையில் 3.10 என்ற எண்ணும் வந்தால், நோய் அங்கேயே பிடிபட்டுவிட்டது. எண்கள் ஒன்றாக இருந்தாலும் பாதைகள் வேறாக இருக்கக்கூடும் என்பதால் பாதையையும் ஒப்பிட்டே ஆக வேண்டும், ஒரே 3.12 ஒரு கணினியில் மூன்று இடங்களில் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: நிறுவப்பட்டிருக்கிறது என்கிறது பிப், இல்லை என்கிறது நிரல்

லினக்ஸிலோ மேக்கிலோ பிப் என்பது பெரும்பாலும் ஒரு சிறு எழுத்துக்கோப்புதான். அதைத் திறந்து முதல் வரியைப் பாருங்கள்: எண் குறியும் (#) ஆச்சரியக்குறியும் போட்டு, அதையடுத்து ஒரு பைதானின் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். அந்தக் கோப்பு அந்த ஒரு பைதானுக்கு மட்டுமே வேலை செய்யும். உங்கள் டெர்மினலில் பைதான் என்று தட்டினால் திறப்பது எது என்பதைப் பற்றி அதற்கு எந்த அக்கறையும் கிடையாது. பிப்3 என்பதற்கும் இதே நிலைதான். ஆகவே பிப் என்ற சொல்லைத் தனியாகத் தட்டும் பழக்கத்தையே விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

அதற்குப் பதிலாக, பைதானின் வழியாகவே பிப்பை அழைக்க வேண்டும்: “பைதான் -எம் பிப் இன்ஸ்டால்”, அடுத்து பேக்கேஜின் (பிப் நிறுவும் மாட்யூல் தொகுப்பின்) பெயர். இப்படித் தட்டும்போது, எந்தப் பைதானை அழைக்கிறீர்களோ அதற்கே பேக்கேஜ் போய்ச் சேரும். முதல் சோதனையில் அச்சான முழுப் பாதையை, பைதான் என்ற சொல் இருக்கும் இடத்தில் அப்படியே ஒட்டித் தட்டினால் இன்னும் உறுதி; பாதையில் இடைவெளி இருந்தால் அதை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும், விண்டோஸின் பவர்ஷெல் சாளரத்தில் அந்த மேற்கோளுக்கு முன்னால் “&” குறியும் வேண்டும். விண்டோஸில் “பிஒய்” என்ற துவக்கி இருந்தால், “பிஒய் -3.12 -எம் பிப் இன்ஸ்டால்” என்று பதிப்பைச் சொல்லியே அழைக்கலாம், “பிஒய் -0பி” என்று, நடுவில் இருப்பது சுழியம் என்பதைக் கவனித்துத் தட்டினால், அந்தத் துவக்கிக்குத் தெரிந்த பைதான்கள் எல்லாம் தத்தம் பாதையோடு வரிசையாக வரும்.

லினக்ஸில் இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. நிர்வாகி உரிமை தரும் சூடோ என்ற கட்டளையை முன்னால் போட்டு நிறுவினால் பேக்கேஜ் கணினி முழுமைக்குமான இடத்துக்குப் போகும், சூடோ இல்லாமல், அந்த இடத்தில் எழுத உரிமையில்லாத நிலையில் நிறுவினால் உங்கள் முகப்புக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் “.லோக்கல்” என்ற இடத்துக்குப் போகும். பிறகு நிரலைச் சூடோ போட்டு ஓட்டினால், அது நிர்வாகியின் முகப்பைப் பார்க்குமே தவிர உங்களுடையதைப் பார்க்காது. நிறுவியவரும் ஓட்டுபவரும் ஒரே பயனராக இருக்க வேண்டும் என்பதே இதற்குத் தீர்வு.

அறிகுறி: டெர்மினலில் ஓடுகிறது, வேறெங்கும் ஓடவில்லை

எடிட்டர்கள் தங்களுக்கென்று ஒரு பைதானைத் தேர்ந்து வைத்திருக்கும். விஎஸ் கோடில் பைதான் கோப்பு திறந்திருக்கும்போது சாளரத்தின் அடிப்பட்டையில் பதிப்பு எண் தெரியும். அதைச் சொடுக்கினால் கணினியில் கண்டறிந்த பைதான்களின் பட்டியல் விரியும், அதில் சரியானதைத் தேர்ந்தால் போதும். தேர்ந்த பிறகு, முன்பே திறந்திருக்கும் டெர்மினல் தாவலை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஜூபிட்டர் நோட்புக்கில் சிக்கல் சற்று ஆழமானது. நோட்புக்கைக் காட்டும் சர்வர் ஒரு பைதானிலும், உங்கள் கட்டங்களை இயக்கும் கெர்னல் இன்னொரு பைதானிலும் ஓடலாம். கட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்டுப் பிப்பை அழைத்தால், அது, கட்டளைகளை இயக்கும் ஷெல்லுக்குப் போய், பாத் எனப்படும் கோப்புறை வரிசையில் முதலில் அகப்படும் பிப்பை இயக்கும். கெர்னலுக்கும் அதற்கும் தொடர்பிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆச்சரியக்குறியின் இடத்தில் விழுக்காட்டுக் குறியைப் போட்டு “%பிப் இன்ஸ்டால்” என்று எழுதினால் அது கெர்னல் ஓடும் பைதானுக்கே நிறுவும். நிறுவி முடித்ததும் கெர்னலை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிடுவது நல்லது. அந்த மாட்யூலின் பழைய பதிப்பு ஏற்கெனவே நினைவகத்தில் ஏறியிருந்தால் புதியது கண்ணுக்குப் படாது.

கிரான் போன்ற நேர அட்டவணையில் ஓடும் நிரல்களுக்கு வேறு வகைத் தொல்லை. நீங்கள் டெர்மினலைத் திறக்கும்போது ஷெல் படித்துக்கொள்ளும் அமைப்புக் கோப்புகளைக் கிரான் படிப்பதில்லை. அதற்குக் கிடைக்கும் பாத் மிகக் குறுகியது. கையால் ஓட்டினால் ஓடுகிற நிரல் இரவு இரண்டு மணிக்குத் தானாக ஓடும்போது விழுந்து கிடப்பதற்கு இதுவே வழக்கமான காரணம். கிரான் வரியில் பைதான் என்று மொட்டையாக எழுதாமல் முழுப் பாதையையும் எழுத வேண்டும்.

அறிகுறி: பைதான் என்று தட்டினால் வேண்டாத பதிப்பு திறக்கிறது

பாத் என்பது கோப்புறைகளின் வரிசை. கட்டளை ஒன்றைத் தட்டியதும் ஷெல் அந்த வரிசையை இடமிருந்து வலமாகத் தேடி, முதலில் அகப்படுவதை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும். ஆகவே உங்கள் கணினியில் உள்ள பைதான்களில் எது நல்லது, எது புதியது என்ற கேள்விக்கே இடமில்லை. எது முந்தி நிற்கிறது என்பது மட்டுமே கணக்கு.

வரிசையைப் பார்க்க லினக்ஸிலும் மேக்கிலும் “டைப் -ஏ பைதான்3” என்று தட்டலாம். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் “வேர் பைதான்” என்று தட்டலாம். பவர்ஷெல்லில் வேர் என்ற சொல்லுக்கு வேறு வேலை கொடுக்கப்பட்டிருப்பதால், அங்கே “வேர்.இஎக்ஸ்இ பைதான்” என்று முழுதாகத் தட்டாவிட்டால் ஒன்றும் வராது, ஒன்றும் வராததைப் பார்த்துப் பைதானே இல்லை என்று முடிவுகட்டி மறுபடி நிறுவியவர்கள் உண்டு.

விண்டோஸில் அந்தப் பட்டியலில் “விண்டோஸ்ஆப்ஸ்” என்ற கோப்புறை தலைகாட்டினால் அதைக் கவனிக்க வேண்டும். 2019 மே மாதப் புதுப்பிப்பிலிருந்து விண்டோஸ் 10 இந்தக் கோப்புறையில் பைதான் என்ற பெயரில் ஒரு போலித் துவக்கியை வைத்திருக்கிறது. அதைத் தட்டினால் பைதான் திறக்காது, மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்தான் திறக்கும். உண்மையான பைதானை நிறுவிய பின்னும், வரிசையில் இது முந்தி நின்றால் ஸ்டோரே திரும்பத் திரும்பத் திறந்துகொண்டிருக்கும். விண்டோஸ் அமைப்புகளில் “ஆப் எக்ஸிக்யூஷன் அலியாஸ்” என்று தேடி, பைதான், பைதான்3 என்ற இரண்டு பெயர்களுக்கும் நேரான பொத்தான்களை அணைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

விண்டோஸில் பாத் இரண்டு பங்காக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கணினி முழுமைக்குமான பங்கு முன்னால் வரும். பயனருக்கான பங்கு அதன் பின்னால் ஒட்டப்படும். எல்லாப் பயனர்களுக்கும் என்று முன்பொருநாள் நிறுவிய பழைய பைதான் முதல் பங்கில் இருந்தால், உங்கள் பங்கில் எவ்வளவு முன்னால் புதியதைக் கொண்டுவந்து வைத்தாலும் பழையதுதான் வெல்லும். பழையதன் வரியை முதல் பங்கிலிருந்து நீக்க வேண்டும், அல்லது தேவையில்லை என்றால் அந்தப் பைதானையே முறைப்படி அகற்ற வேண்டும். கோப்புறையைக் கையால் அழிப்பது அகற்றுவதாகாது. அப்படி அழித்தால், இல்லாத பைதானைச் சுட்டும் பதிவுகள் மட்டும் ஆங்காங்கே மிஞ்சி நின்று அடுத்த நிறுவலைக் குழப்பும்.

பாத்தைத் திருத்தியும் மாற்றம் தெரியவில்லையா? ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினல் பழைய பாத்தையே வைத்திருக்கும். எடிட்டருக்குள் இருக்கும் டெர்மினல் என்றால் எடிட்டரையே மூடித் திறக்க வேண்டும். பாஷ் ஷெல், ஒருமுறை கண்டுபிடித்த கட்டளையின் இருப்பிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் இயல்புள்ளது. “ஹாஷ் -ஆர்” என்று தட்டினால் அந்த நினைவு அழியும்.

மேக்கைப் பொறுத்தவரை, 2022 மார்ச்சில் வந்த 12.3 பதிப்போடு ஆப்பிள் பைதான் 2.7ஐ நீக்கிவிட்டது. ஆகவே பைதான் என்று மட்டும் தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வருவது பழுதல்ல. பைதான்3 என்று தட்ட வேண்டும். அதற்குப் பிறகும் டெவலப்பர் கருவிகளோடு வரும் ஒன்று, ஹோம்ப்ரூ என்ற நிறுவல் கருவி நிறுவிய ஒன்று, பைதானின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கிய ஒன்று என மூன்று இருக்க வாய்ப்புண்டு.

அறிகுறி: மாட்யூல் கிடைக்கிறது, அதற்குள் இருக்க வேண்டியது இல்லை

இது சற்று விசித்திரமானது. பைதானோடு சேர்ந்தே வரும் “ரேண்டம்” மாட்யூலை அழைத்து, அதிலுள்ள “ராண்டின்ட்” என்பதைப் பயன்படுத்துகிறீர்கள்; ரேண்டத்துக்கு அப்படியொரு பண்பே இல்லை என்று பிழை வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் எனக்கு இப்படி நேர்ந்தபோது, பைதானே பழுதடைந்துவிட்டது என்று நம்பி அதை அகற்றி நிறுவினேன், இருமுறை. கடைசியில், பயிற்சிக்காக எழுதிய என் கோப்புக்கே “ரேண்டம்.பிஒய்” என்று நான் பெயர் வைத்திருந்தது கண்ணில் பட்டது.

பைதான் ஒரு மாட்யூலைத் தேடும்போது, ஓடுகிற நிரல் இருக்கும் கோப்புறையை முதலில் பார்க்கிறது; தன்னோடு சேர்ந்து வரும் மாட்யூல்களின் நூலகம் அதற்குப் பிறகுதான். ஆகவே உங்கள் கோப்பு நூலகத்தின் கோப்பை மறைத்துவிடுகிறது. அந்தக் கோப்பையே நேரடியாக ஓட்டினால் வேடிக்கை இன்னும் கூடும்: நிரல் முதன்மை நிரலாக ஒருமுறை தொடங்கி, மாட்யூலை அழைக்கும் இம்போர்ட் வரியில் ரேண்டம் என்ற பெயரில் தன்னையே மறுபடி ஏற்றிக்கொள்ளும். இரண்டாம் முறை ஓடும்போது மாட்யூல் பாதி ஏற்றப்பட்ட நிலையில் இருப்பதால், பிழைச்செய்தி “சர்க்குலர் இம்போர்ட்” என்று எதையோ சொல்லும். கோப்பின் பெயர்தான் குற்றவாளி என்று சொல்லாது. 2024 அக்டோபரில் வந்த 3.13 முதல் இந்தக் குறை தீர்ந்திருக்கிறது: உங்கள் கோப்பின் முழுப் பாதையைக் காட்டி, நூலக மாட்யூலின் பெயரும் இதுவே என்பதால் இதன் பெயரை மாற்றிப் பாருங்கள் என்று பைதானே சொல்கிறது.

பழைய பதிப்பில் இருப்பவர்கள், சந்தேகத்துக்குரிய மாட்யூலை இம்போர்ட் செய்த பின், அதன் பெயரோடு புள்ளி வைத்து, முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் இட்ட “ஃபைல்” என்ற பண்பை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். பாதை உங்கள் சொந்தக் கோப்புறையைச் சுட்டினால் கோப்பின் பெயரை மாற்றுங்கள். ஈமெயில், டெஸ்ட், கோட், டைம்இட், சிஎஸ்வி போன்ற பெயர்கள் நாம் இயல்பாக வைக்கக்கூடியவை என்பதால் இதில் அடிக்கடி அகப்படுகின்றன.

அறிகுறி: அந்தப் பெயரில் பேக்கேஜே இல்லை என்று பிப் மறுக்கிறது

இம்போர்ட் செய்யும் பெயரும் நிறுவும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பைதானில் விதி இல்லை. “சிவி2” வேண்டுமென்றால் “ஓபன்சிவி-பைதான்” என்பதை நிறுவ வேண்டும்; “பிஐஎல்” என்பதற்குப் “பில்லோ”, “எஸ்கேலேர்ன்” என்பதற்குச் “சைகிட்-லேர்ன்”, “யாமல்” என்பதற்குப் “பையாமல்”, “பிஎஸ்4” என்பதற்குப் “பியூட்டிஃபுல்சூப்4”. பெயரை ஊகித்து நிறுவிப் பார்ப்பது மட்டும் கூடாது. புகழ்பெற்ற பேக்கேஜ்களின் பெயரில் ஓரெழுத்தை மாற்றித் தீய நிரல்களைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவைப்பது நெடுநாளாக நடந்துவரும் மோசடி; பேக்கேஜின் அதிகாரப்பூர்வ ஆவணத்தில் நிறுவும் வரி எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அதை மட்டும் பின்பற்றுங்கள்.

அறிகுறி: நேற்று வரை ஓடிய நிரல், புதிய பைதானில் ஓடவில்லை

பைதானின் புதிய பதிப்பு ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபரில் வருகிறது. சி மொழியில் எழுதிய பகுதிகளைக் கொண்ட பேக்கேஜ்கள் பெரும்பாலும் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாகத் தொகுக்கப்பட்டு, வீல் என்ற வடிவில் வெளியிடப்படுகின்றன. புதிய பதிப்பு வந்த முதல் சில வாரங்களில் எல்லாப் பேக்கேஜுக்கும் வீல் தயாராகியிருக்காது. அப்போது பிப், மூல நிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே தொகுக்க முயலும், அப்படித் தொகுக்கும் கம்பைலர் இல்லாத விண்டோஸ் கணினியில் அது “மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0” வேண்டும் என்று நீண்ட சிவப்பு வரிகளோடு நிற்கும். பல கிகாபைட் அளவுள்ள அந்தக் கருவிகளை இறக்குவதற்கு முன், ஒரு பதிப்பு பின்னால் உள்ள பைதானைப் பக்கத்தில் நிறுவிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுவே குறுக்கு வழி.

32 பிட், 64 பிட் வேறுபாடும் இதே பிழையைத் தரும், ஏனென்றால் பல பெரிய பேக்கேஜ்கள் 32 பிட் விண்டோஸுக்கு வீல் வெளியிடுவதை நிறுத்திவிட்டன. பைதானைத் திறந்ததும் வரும் முதல் வரியிலேயே 64 பிட்டா 32 பிட்டா என்று இருக்கும். அந்த வரியின் முடிவில் “வின்32” என்றிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். 64 பிட் பைதானும் அப்படித்தான் அச்சிடும், அது தளத்தின் பழைய பெயர் மட்டுமே.

காணாமல் போனது பேக்கேஜ் அல்லாமல் நூலகத்தின் பகுதியாகவும் இருக்கலாம். 2023 அக்டோபரில் வந்த 3.12இல் “டிஸ்ட்யூட்டில்ஸ்”, “இம்ப்”, “அசின்க்கோர்” ஆகியவை நீக்கப்பட்டன, 3.13இல் “சிஜிஐ”, “டெல்நெட்லிப்” உள்ளிட்ட ஒரு தொகுதியே விடைபெற்றது. டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லை என்று வந்தால், “செட்அப்டூல்ஸ்” என்ற பேக்கேஜை நிறுவினால் பெரும்பாலும் தீரும். “யூஆர்எல்லிப்2”, “கான்ஃபிக்பார்சர்” என்பதன் பெரிய எழுத்து வடிவம் போன்றவை இல்லை என்று வந்தால், கையில் இருப்பது பைதான் 2 காலத்து நிரல். பைதான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்துவிட்டதால், நிரலைத்தான் மாற்ற வேண்டும், பைதானைத் தேடிப் பின்னோக்கிப் போகக் கூடாது.

அறிகுறி: வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று பிப் நிறுவ மறுக்கிறது

2023 முதல் டெபியன் 12, உபுண்டு 23.04 ஆகியவற்றிலும் அவற்றுக்குப் பின் வந்த பதிப்புகளிலும் “எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்” என்ற இந்த மறுப்பு வருகிறது. இயங்குதளத்தின் பல கருவிகள் அந்தக் கணினியின் பைதானையே நம்பி இருப்பவை; அதற்குள் பிப் தன் விருப்பத்துக்குப் பதிப்புகளை மாற்றினால் அந்தக் கருவிகள் விழும். ஆகவே கதவை அடைத்திருக்கிறார்கள். கதவை உடைக்கும் தெரிவும் பிப்பிலேயே இருக்கிறது. அதன் பெயரே “பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்”. பெயர் சொல்வதை அப்படியே நம்பலாம்.

செய்ய வேண்டியது, திட்டத்தின் கோப்புறைக்குள் நின்று “பைதான்3 -எம் வென்வ் .வென்வ்” என்று தட்டி ஒரு மெய்நிகர் சூழலை, அதாவது அந்தத் திட்டத்துக்கு மட்டுமான தனிப் பைதான் இடத்தை, உருவாக்குவதுதான். சூழலுக்குள் பிப்பை நிறுவும் என்சர்பிப் இல்லை என்று அதுவும் மறுத்தால், முதலில் இயங்குதளத்தின் நிறுவல் கருவியான ஏபிடி வழியாக “பைதான்3-வென்வ்” என்பதை நிறுவ வேண்டும். சூழலைச் செயல்படுத்துவது என்பது மந்திரம் ஒன்றும் இல்லை. சூழலின் கோப்புறையைப் பாத்தின் முன்னால் கொண்டுவந்து வைப்பதுதான் அதன் முக்கிய வேலை. ஆகவே செயல்படுத்தாமலும், சூழலுக்குள் இருக்கும் பைதானின் பாதையை நேரடியாகத் தட்டி நிரலை ஓட்டலாம். லினக்ஸிலும் மேக்கிலும் அது “பின்” கோப்புறையிலும் விண்டோஸில் “ஸ்கிரிப்ட்ஸ்” கோப்புறையிலும் இருக்கும். பவர்ஷெல்லில் ஸ்கிரிப்ட் ஓட்டத் தடை இருப்பதாகச் செய்தி வந்து செயல்படுத்த முடியாமல் தவிப்பவர்களுக்கு இந்த வழி உதவும்.

இயங்குதளத்தின் பைதானை மாற்றிப் பார்க்கும் ஆசை எழுந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும். உபுண்டுவில் பைதான்3 என்ற இணைப்பைப் புதிய பதிப்புக்குத் திருப்பிவிட்டால், “ஏபிடி_பிகேஜி” இல்லை என்ற பிழையோடு ஏபிடி முணுமுணுக்கும். கினோம் டெர்மினல் திறக்காமலே போகலாம். அப்படி ஆகிவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், இணைப்பைப் பழைய பதிப்புக்கே திருப்ப வேண்டும்.

அறிகுறி: மெய்நிகர் சூழல் திடீரென்று வேலை செய்யவில்லை

கோப்புறையின் பெயரை மாற்றினீர்களா, வேறிடத்துக்கு நகர்த்தினீர்களா, அடிப்படைப் பைதானைப் புதுப்பித்தீர்களா? சூழலுக்குள் முழுப் பாதைகள் எழுதப்பட்டிருப்பதால் மூன்றுமே அதைக் கெடுக்கக்கூடும். பழுதுபார்ப்பதில் பொருளில்லை, அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கி, தேவைப் பட்டியல் கோப்பிலிருந்து பேக்கேஜ்களை மறுபடி நிறுவ வேண்டும். பட்டியல் கோப்பு இல்லாதவர்கள், அழிப்பதற்கு முன் அந்தச் சூழலின் சைட்-பேக்கேஜஸ் கோப்புறையைத் திறந்து பெயர்களைக் குறித்துக்கொள்ளட்டும்.

அறிகுறி: நூலகத்தின் ஒரு பகுதி மட்டும் இல்லை

“டிகேஇன்டர்” இல்லை என்று உபுண்டுவிலோ டெபியனிலோ வந்தால் பிப்பால் பயனில்லை; ஏபிடி வழியாக “பைதான்3-டிகே” என்பதை நிறுவ வேண்டும். மூல நிரலிலிருந்து நீங்களே தொகுத்த பைதானில், முன்னால் அடிக்கோடு போட்ட “சிடைப்ஸ்”, “எஸ்எஸ்எல்”, “எஸ்கியூலைட்3” போன்றவை இல்லை என்று வந்தால், தொகுத்த நேரத்தில் அவற்றுக்கான மேம்பாட்டு நூலகங்கள் கணினியில் இருக்கவில்லை என்று பொருள். அவற்றை நிறுவிவிட்டு மறுபடி தொகுக்க வேண்டும்.

அறிகுறி: பைதானே திறக்கவில்லை, “என்கோடிங்ஸ்” இல்லை என்கிறது

மிரள வைக்கும் செய்தி. காரணம் பெரும்பாலும் சிறியது. “பைதான்ஹோம்” என்ற சூழல் மாறியை (கணினி நிரல்களுக்குக் கொடுக்கும் அமைப்பு மதிப்பை) ஏதோ ஒரு மென்பொருளோ பழைய வழிகாட்டி ஒன்றைப் பின்பற்றிய நீங்களோ அமைத்திருப்பீர்கள். அது சுட்டும் இடத்தில் வேறு பதிப்பின் நூலகம் இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. அந்த மாறியை நீக்கிவிட்டுப் புதிய டெர்மினலில் பாருங்கள். அதே இடத்தில் “பைதான்பாத்” என்ற மாறி இருந்தால் அதையும் நீக்கலாம். அது எல்லாப் பைதான்களுக்கும் ஒரே நேரத்தில் பொருந்துவதால், ஒரு பதிப்பின் பேக்கேஜ்களை இன்னொன்றுக்குள் திணித்துவிடும்.

எதிலும் பிடிபடவில்லை என்றால்

பைதானுக்குப் பெரிய எழுத்தில் “-ஐ” என்ற தெரிவு உண்டு. அதைச் சேர்த்து, “பைதான் -ஐ -சி” என்று தட்டி, அடுத்து மேற்கோளுக்குள் இம்போர்ட் வரியை மட்டும் எழுதி ஓட்டினால், பைதான் தன்னை வெளியுலகிலிருந்து துண்டித்துக்கொண்டு தேடும்: நடப்புக் கோப்புறையைப் பார்க்காது, பைதான்பாத் உள்ளிட்ட மாறிகளை மதிக்காது, முகப்புக்குள் உள்ள பயனர் பேக்கேஜ்களையும் தொடாது. இம்போர்ட் இதில் வெற்றி பெற்று, வழக்கமான முறையில் தோற்றால், குற்றவாளி இந்த மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கிறது. இதிலும் தோற்றால், பேக்கேஜ் அந்தப் பைதானின் சொந்த இடத்தில் இல்லை, அல்லது அரைகுறையாக இருக்கிறது. முழுப் பாதையோடு பைதானை அழைத்து, பிப்பின் இன்ஸ்டால் கட்டளையில் “--ஃபோர்ஸ்-ரீஇன்ஸ்டால்” என்பதையும் சேர்த்து நிறுவ வேண்டும்.

அதற்குப் பிறகும் தோற்றால், தெரிவாகச் சிற்றெழுத்து “-வி” சேர்த்து ஓட்டுங்கள். பைதான் ஏற்றும் ஒவ்வொரு மாட்யூலும் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பது நூற்றுக்கணக்கான வரிகளாக ஓடும். அதைக் கோப்பொன்றில் சேமித்து, கடைசியிலிருந்து மேல்நோக்கிப் படித்து வாருங்கள். எதிர்பாராத பாதை ஒன்று முதன்முதலில் எந்த வரியில் நுழைகிறது என்பதை மட்டும் தேடுங்கள்.